லா

அந்தக் காகிதத்துல ஸ்டீவ்னு போட்டிருக்குல்ல வக்கீலம்மா, அது நான் இல்ல. மொதல்ல அத எழுதிக்கிருங்க. என் பேரு சேவுகன். எங்கப்பா பேரு கருத்தான். இந்த ஊருக்குள்ள வந்து ஸ்டீவ் வீடு எங்கன்னு கேட்டுப் பாருங்க, ஒருத்தனும் வழி சொல்லமாட்டான்.

உக்காருங்க. அந்தச் சேரு வேணாம், அதுக்கு ஒரு காலு ஆடும். இங்கிட்டு ஃபேனுக்குக் கீழ வாங்க. மதுரையிலருந்து பஸ்ஸுலயா வந்தீங்க? இந்த வெயில்லயா? மீனாள், வக்கீலம்மாவுக்கு மோர் கொண்டா. அப்படியே அந்த டிவிய அமத்திட்டுப் போ.

காலையிலருந்து அதத்தான் போட்டுக்கிட்டே இருக்காய்ங்க தாயி. எங்கிட்டோ ஒரு நாட்டுக்குள்ள இன்னொரு நாட்டுப் பட்டாளம் பூந்துருச்சாம். நாலு பேரு கோட்டு மாட்டிக்கிட்டு உக்காந்து, அது சட்டப்படி சரியா தப்பான்னு பேசுறாய்ங்க. பூந்தவன் உள்ள போயி பாய விரிச்சுப் படுத்துட்டான். இவய்ங்க வாசல்ல நின்னுக்கிட்டு செருப்ப எங்க விட்டான்னு பேசுறாய்ங்க. எனக்கு இதெல்லாம் பாத்தா சிரிப்புத்தான் வரும். நான் உள்ளுக்குள்ள இருந்து பாத்தவன்ல.

சரி, கேக்குறதக் கேளுங்க. ஆனா ஒண்ணு, அங்க வந்தது எந்த நாட்டுப் பட்டாளம்னு நான் பேரு சொல்லமாட்டேன். உங்க காகிதத்துல இருக்கு, நீங்க படிச்சுக்கிருங்க. என் வாயால வராது. வந்தவய்ங்கன்னு சொல்றேன். புரியும்ல?

நான் அங்க போயி ஒம்பது வருசம் ரொட்டி அடுப்புல நின்னேன். அபூ ஸமீர் கடை. அபூ ஸமீர்னா ஸமீரோட அப்பான்னு அர்த்தம். அங்க பெரியவங்களப் பேரு சொல்லிக் கூப்பிடமாட்டாங்க, மூத்த பிள்ளை பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. நம்ம ஊரு மாதிரிதான். இந்தா, மீனாளும் என்னைய ராசபாண்டி அப்பான்னுதான கூப்பிடுறா. அவுக வீட்டம்மா உம்மு ஸமீர். அவரு சொந்தப் பேரு யூனிஸ். ரொட்டி சுடுறவனுக்கு அவுக மொழியில கப்பாஸ்னு பேரு. நம்ம ஊர்ல ஆசாரிங்கிறோம், கொத்தனாருங்கிறோம், அது மாதிரி ரொட்டி சுடுறவன் கப்பாஸ். அத நல்லா ஞாபகம் வச்சுக்கிருங்க. எல்லா வினையும் அதுலருந்துதான் வந்துச்சு. எங்கிட்டருந்து வரல.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு தாயி. பழக்கம் என்ன, நம்ம சனம் பூராவுக்கும் உள்ளதுதான். யாராச்சும் பேசினா தலையை இப்பிடி ஆட்டிக்கிட்டே கேப்போம்ல. இதுக்கு ஆமான்னும் அர்த்தம் கிடையாது, இல்லைன்னும் கிடையாது. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், மேல சொல்லுங்கன்னு அர்த்தம். எனக்கு அது கொஞ்சம் சாஸ்தி. பொண்ணு பாக்கப் போன எடத்துல எங்க மாமனாரு என்னென்னமோ கேட்டாரு, நான் பாட்டுக்கு ஆட்டிக்கிட்டே இருந்தேன். கடைசியில பாத்தா கல்யாணத்துக்கு அப்பறம் ரெண்டு வருசம் அவரு வயல்ல வந்து பாடுபடுறேன்னு ஒத்துக்கிட்டதா ஆகிப்போச்சு. பூம்பூம் மாடுன்னு மீனாள் இன்னைக்கும் சொல்லுவா. அவளுக்கு வாய் சாஸ்தி.

அங்க போன மொத வாரம் உம்மு ஸமீர் சோறு போட்டாங்க. பெரிய தட்டு, ஆட்டுக்கறி. இன்னும் வேணுமான்னு கேட்டாங்க, நான் தலையை ஆட்டினேன். போட்டாங்க. மறுபடி கேட்டாங்க, ஆட்டினேன், போட்டாங்க. நான் எந்திரிச்சுப் போயி வாந்தி எடுக்குற வரைக்கும் போட்டாங்க. பெறகு அந்தம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்பத்தான் எனக்கு அந்த மொழியில மொத வார்த்தை சொல்லிக் குடுத்தாங்க. லா. நீங்க லா படிச்சிருக்கீங்க. நம்ம ஊர்ல வக்கீலுக்குப் படிக்கிறத லான்னு சொல்றோம். அங்க லான்னா இல்ல, வேணாம், கிடையாதுன்னு அர்த்தம். "லா சொல்லு சேவா, வாயத் தொறந்து லா சொல்லு. உன் தலைய வச்சு எனக்கு ஒண்ணும் விளங்கல"ன்னாங்க. சேவுகன்னு அவுக வாயில வராது. சேவாதான்.

நல்ல சனம். அத நான் இல்லைன்னு சொல்லமாட்டேன்.

சண்டை வரப்போகுதுன்னு ஒரு வருசமாப் பேச்சு. அந்த ஊரு ராசா, ராசான்னா ஜனாதிபதி, அவன் நல்லவன் கிடையாது. அவன் படம் மாட்டாத கடை கிடையாது. மாட்டலேன்னா கடைக்காரன் கிடையாது. எங்க கடையிலயும் ஒண்ணு தொங்குச்சு. எதுத்தாப்புல கவர்னர் ஆபீஸு. தெனமும் காலையில அங்க முந்நூறு ரொட்டி போகணும். அபூ ஸமீரே கூடையத் தலையில வச்சுக் கொண்டுபோயிக் குடுத்துட்டு வருவாரு. குடுக்காம இருக்க முடியுமா? அந்த ஊர்ல எல்லாக் கடைக்காரனும் எதையாச்சும் கொண்டுபோயிக் குடுத்தவன்தான்.

வந்தவய்ங்க ஒரு காரணம் சொன்னாய்ங்க. அந்த நாட்டுல ஒரு வெள்ளைப் பொடி பதுக்கி வச்சிருக்கு, அத ஊதிவிட்டா ஊரே செத்துப் போகும், அதத் தேடி எடுக்கத்தான் வர்றோம்னாய்ங்க. அபூ ஸமீர் மாவு பிசைஞ்சுக்கிட்டே ரேடியோ கேப்பாரு. சொல்லுவாரு, "வரமுடியாது சேவா. உலகத்துக்குன்னு ஒரு சபை இருக்கு. எல்லா நாடும் அதுல கையெழுத்துப் போட்டிருக்கு. சபை சரின்னு சொல்லாம ஒருத்தன் வீட்டுக்குள்ள இன்னொருத்தன் நுழையமுடியாது. கானூன் இருக்கு." கானூன்னா சட்டம். நான் தலையை ஆட்டுவேன். மனசுக்குள்ள நெனைப்பேன், எங்க ஊர்ல வரப்பத் தாண்டி ஒரு முழம் உழுதவன் மேல கேசு போட்டு பதினேழு வருசமாச்சு, இன்னும் அந்த வரப்பு வரல. இவரு நாட்டுக்கு வரப்பு இருக்குன்னு நம்புறாரு. பாவம், எழுதப்படிக்கத் தெரிஞ்சவரு.

சபை சரின்னு சொல்லல. இருந்தாலும் வந்துட்டாய்ங்க.

குண்டு விழ ஆரம்பிச்சதும் வெளிநாட்டுக்காரன் எல்லாம் ஓடிட்டான். என் பாஸ்போட்டு அபூ ஸமீர் பெட்டியில இருந்துச்சு. கேக்குறதுக்கு முன்னாடி அவரே எடுத்துக் கையில குடுத்து, ஒரு பை நிறைய ரொட்டியும் குடுத்து, "போ சேவா, உன் பிள்ளை மொகத்தப் பாரு"ன்னாரு. பாலம் உடைஞ்சு போச்சு, சாயங்காலமே திரும்பி வந்துட்டேன். பத்தொம்பது நாளு அவுக வீட்டு நிலவறையில இருந்தோம். தண்ணி வந்தா மொத டம்ளர் எனக்கு. விருந்தாளியாம். சொந்தப் பிள்ளை ஸமீர் வேற ஊர்ல படிச்சுக்கிட்டிருந்தான், அவன் உயிரோட இருக்கானா இல்லையான்னே தெரியாது. அந்த அம்மா எனக்கு மொத டம்ளர் தண்ணி குடுத்தாங்க.

நீங்க இதெல்லாம் எழுதணும்னு இல்ல. சும்மா சொன்னேன்.

பெறகு ஒரு வியாழக்கிழமை காலையில மேல வந்து பாத்தா, கவர்னர் ஆபீஸ்ல கொடி இல்ல, காவக்காரன் இல்ல, கதவே இல்ல. கதவையும் சனம் கழட்டிக்கிட்டுப் போயிருச்சு. ஆட்சி மாறிப்போச்சுன்னாங்க. அபூ ஸமீர் அந்தப் படத்தக் கழட்டி, படத்தக் கிழிச்சு அடுப்புல போட்டாரு. சட்டம் நல்லா இருந்துச்சு, அதுக்குள்ள அவுக வேதத்துல ஒரு வரிய எழுதி மாட்டினாரு. ரெண்டு நாள்ல அடுப்பப் பத்த வச்சுட்டோம். யாரு ஆண்டா என்ன, சனத்துக்கு ரொட்டி வேணும்ல.

வந்தவய்ங்க வீடு வீடாப் பொடி தேடினாய்ங்க. எங்க கோடவுனுக்குள்ளயும் வந்தாய்ங்க. ஒருத்தன் மூஞ்சி பூராம் மூடிக்கிட்டு, பாம்பு புத்துக்குள்ள கைய விடுற மாதிரி மாவு மூட்டைக்குள்ள கரண்டிய விட்டு அள்ளி, குப்பியில அடைச்சு, சீல் வச்சுக் கொண்டுபோனான். நாடு பூராம் அள்ளியிருக்காய்ங்க. பொடி கிடைக்கல. கிடைக்கலேன்னதும் ஆளைத் தேட ஆரம்பிச்சாய்ங்க. இத்தன தூரம் வந்துட்டு வெறுங்கையோட போகமுடியுமா?

அவய்ங்க கையில ஒரு லிஸ்ட்டு. அதுல ஒரு பேரு, யூனிஸ் அல் கப்பாஸ். அது ஒரு கர்னலு, பழைய ஆட்சியில ரகசியப் போலீஸு. அவனுக்குக் குடும்பப் பேரு கப்பாஸ். எந்தக் காலத்துலயோ அவன் பாட்டன் ரொட்டி சுட்டிருப்பான். நம்ம ஊர்ல பிள்ளைன்னு பேரு இருந்தா எல்லாரும் கணக்குப்பிள்ளையா? அந்த வெவரம் வந்தவய்ங்களுக்குத் தெரியல. கர்னலைத் தேடி வந்தவய்ங்க, ரொட்டிக்கடை யூனிஸ் வாசல்ல வந்து நின்னாய்ங்க.

காலையில பத்து மணி இருக்கும். கேப்டன் ஒருத்தன், சின்ன வயசு, மூக்கு வெயில்ல உரிஞ்சு போயிருந்துச்சு. அவய்ங்களோட வந்த மொழிபெயர்க்கிறவன் பக்கத்துத் தெருவுல இன்னொரு வீட்டுல இருந்தான். இவனுக்குப் பொறுமை இல்ல. என்னையப் பாத்தான். "இந்தியாவா?"ன்னான். ஆட்டினேன். அவன் சிரிச்சான். கூட இருந்தவய்ங்ககிட்ட பெருமையாச் சொல்றான், "இவங்க இப்படி ஆட்டினா ஆமான்னு அர்த்தம். நான் இவங்க ஆளுங்களோட வேலை பாத்திருக்கேன், எனக்குத் தெரியும்." ஒண்ணுமே தெரியாதவன் வந்திருந்தாக்கூட மொழிபெயர்க்கிறவனுக்காக நின்னிருப்பான் தாயி. இவன் அரைகுறையாத் தெரிஞ்சவன். அவனாலதான் கெட்டுச்சு.

எனக்கு இங்கிலீஷு அவ்வளவா வராது. அதயும் எழுதிக்கிருங்க.

அபூ ஸமீரக் காட்டி, "இவன்தான் யூனிஸ் கப்பாஸா?"ன்னான். கேள்விய நல்லாப் பாருங்க. அவரு பேரு யூனிஸு, அவரு கப்பாஸு. நான் ஆட்டினேன். அதுல என்ன தப்பு? "எதுத்த பில்டிங்குக்குத் தெனமும் போவானா?" போவாரு, ரொட்டி கொண்டுபோவாரு. ஆட்டினேன். அதுலயும் தப்பு இல்ல. அவரு மாவுக் கையோட நின்னுக்கிட்டு என் மூஞ்சியவும் அவன் மூஞ்சியவும் மாறி மாறிப் பாக்குறாரு. அவருக்கு இங்கிலீஷு ஒரு சொட்டும் தெரியாது.

அப்ப கேப்டன் அடுப்பு மேல இருந்த ரொட்டி ஒண்ணப் பிச்சு வாயில போட்டான். "நீ சுட்டதா? உனக்குச் சமையல் தெரியுமா? கோழிக் கறி வைப்பியா? எங்க கேம்புக்கு ஆள் வேணும். பேரு என்ன?" சேவுகன்னேன். "ஸ்டீவ்"னான். தோள்ல தட்டினான். தட்டிட்டு மூணாவதாக் கேட்டான், "இவன் அவங்கள்ல ஒருத்தன்தானே?"

அபூ ஸமீருக்கு என்னமோ புரிஞ்சு போச்சு. என்னையப் பாத்துச் சொன்னாரு, "கூல் லா, சேவா." கூல்னா சொல்லு. லா சொல்லு. அந்தம்மா சொல்லிக் குடுத்த அதே வார்த்தை. பட்டாளத்துக்காரன் ஒருத்தன் களுக்குன்னு சிரிச்சான், அவன் மொழியில கூல்னா வேற என்னமோவாம். "கூல் லா." ரெண்டு தடவ சொன்னாரு.

மூணாவது கேள்வி எனக்கு வெளங்கல தாயி. வெளங்காதப்ப மனுசன் என்ன செய்வான்? தலையத்தான் ஆட்டுவான்.

கைய முதுகுப் பக்கம் கட்டினாய்ங்க. மாவு காயாத கை. வண்டியில ஏத்துற வரைக்கும் என்னையத் திரும்பிப் பாத்துக்கிட்டே போனாரு. கோவமாப் பாக்கல. அடுப்புல ரொட்டி கருகுது, எடுன்னு சொல்ற மாதிரி பாத்தாரு. நெசமாவே கருகுச்சு. நான் எடுத்தேன்.

மோர் குடிங்க. உப்பு பத்துதா?

மறுநாளு கேம்புக்குப் போயிட்டேன். கடை மூடியாச்சு, வேற எங்க போறது? சொல்லுங்க. பதினாலு மாசம் அவய்ங்களுக்குச் சமைச்சேன். பெரிய கூடாரம், ஏசி, ஐஸ்கிரீம் மெசினு. அந்த வெயில்ல ஊரே கரண்டு இல்லாமக் கெடக்கு, நான் குளிருக்குச் சட்டைக்கு மேல சட்டை போட்டுக்கிட்டு நின்னேன். நெஞ்சுல ஸ்டீவ்னு ஒரு வில்லை குத்தினாய்ங்க. அங்க இருந்த சமையக்காரய்ங்கள்ல நான்தான் அவய்ங்ககிட்ட நேருக்கு நேரா பேசுவேன். மத்தவனுக்கு இங்கிலீஷு வராது. கேப்டனே சொல்லுவான், "ஸ்டீவ், நீ மட்டும்தான் நான் சொல்றத மொத தடவயிலயே புரிஞ்சுக்கிற"ன்னு.

என்ன எழுதுறீங்க? அது பெறகு கத்துக்கிட்டது தாயி. கேம்புக்குப் போயிக் கத்துக்கிட்டது.

வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை உம்மு ஸமீர் கேட்டுல வந்து நிப்பாங்க. கறுப்புத் துணி, கையில புருசன் போட்டோ. அந்த ஊர்ல அப்ப நூறு பொம்பளைங்க அப்படி நின்னாங்க. எங்க வச்சிருக்கீங்க, என்ன குத்தம், எந்தக் கோர்ட்டு. அதான் கேள்வி. கோர்ட்டும் இல்ல, குத்தமும் இல்ல, அவங்களுக்கு யாரும் வாயத் தொறந்து பதிலும் சொல்லல. நான் காய்கறி வண்டியில போறப்ப கம்பிக்கு அங்கிட்டு இருந்து என்னையப் பாத்துட்டாங்க. "சேவா! யா சேவா!"ன்னு கூப்பிட்டாங்க. பக்கத்துல இருந்த காவக்காரன், "உன்னையா கூப்பிடுது?"ன்னான். அங்க சேவான்னு யாரும் இல்லியே. என் நெஞ்சுல ஸ்டீவ்னுல்ல போட்டிருக்கு. வேலைக்காரன் கேட்டத் தாண்டி வெளியாளுகிட்ட பேசக்கூடாதுன்னு ரூலு. ரூலு மீறினா அனுப்பிருவாய்ங்க. நான் என்ன செய்ய?

எட்டு வெள்ளிக்கிழமை கூப்பிட்டாங்க. பெறகு அவங்க கூப்பிடல, நின்னாங்க, அவ்வளவுதான்.

இப்ப ஒண்ணு சொல்றேன், அத எழுதாதீங்க. மழைக்காலம், நான் போயி ஏழெட்டு மாசம் இருக்கும். புது ஆட்சிக்குப் புதுப் போலீஸு அமைச்சாய்ங்க. அதுக்கு ஒரு பெரியாளு, நம்ம கேம்புக்கு விருந்துக்கு வந்தான். கோட்டு, நல்லா மழிச்ச மொகம். கேப்டன் எல்லாருக்கும் காட்டுறான், "நம்ம புது நண்பர், கர்னல் யூனிஸ் அல் கப்பாஸ்." லிஸ்ட்டுல இருந்த அதே ஆளு தாயி. ஒளிஞ்சிருந்தவன் வெளிய வந்து, பழைய ஆளுங்க பேரு பூராம் எழுதிக் குடுத்து, புது வேலைக்குச் சேந்துட்டான். நான்தான் பரிமாறினேன். ஆட்டுக்கறி, சோறு. இன்னும் வேணுமான்னு கேட்டேன். அவன் வாயத் தொறந்து லான்னான். எம்புட்டுத் தெளிவாச் சொன்னான்.

அப்ப அபூ ஸமீர் உயிரோட இருந்தாரா? உங்க காகிதம் அப்படித்தான் சொல்லுதா? அதுக்குப் பெறகு இன்னும் ஆறு மாசம் இருந்தாரா? எனக்கு எப்படித் தெரியும்? இருக்காருன்னு யாரும் எங்கிட்டச் சொல்லல. இவன்தான் அந்த ஆளுன்னா அப்ப அவரு யாருன்னு யாரும் எங்கிட்ட கேக்கவும் இல்ல. கேப்டனுக்கே தோணாதது எனக்குத் தோணணுமா? கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்.

என்ன மீனாள்? கேக்கலேன்னா சொல்லக்கூடாதான்னா? பாத்தீங்களா தாயி, இருபது வருசமா இதே பாட்டுத்தான். நீ அங்க இருந்தியாடி? அந்த மாசம் கேப்டன் எனக்கு லெட்டரு டைப்படிச்சுக்கிட்டிருந்தான். சோத்துத் தட்டக் கையில வச்சுக்கிட்டு நான் போயி நீ செஞ்சது தப்புன்னு சொல்லமுடியுமா அவன்கிட்ட?

அந்தா, சுவத்துல பிளாஸ்டிக்கு ஒட்டி மாட்டியிருக்கு பாருங்க, அதுதான் லெட்டரு. படிங்க. "ஸ்டீவ் நேர்மையானவர், நம்பிக்கைக்கு உரியவர், எங்கள் படைக்குப் பெரும் உதவி செய்தார்." கீழ கையெழுத்து, முத்திரை எல்லாம் அசலு.

அதுல ஸ்டீவ்னு இருக்குதான். அது வேற, இது வேற. அந்தப் பேரு சமையலுக்கு வச்ச பேரு. சாட்சிக்கு வச்ச பேரு இல்ல.

நான் ஊருக்குத் திரும்பி வந்த பெறகு ஒரு தடவ ரொட்டிக்கடைக்கு லெட்டரு போட்டோம். நான் போடல, மீனாள் போட்டா, எங்கிட்டச் சொல்லாம. பக்கத்து வீட்டு வாத்தியாரு இங்கிலீஷுல எழுதிக் குடுத்திருக்காரு. அய்யா வந்துட்டாங்களான்னு கேட்டு. பதிலு வரல. அந்தக் கவரத்தான் அந்தம்மா இத்தன வருசம் வச்சிருந்து, பின்னாடி இருந்த விலாசத்த உங்க ஆளுங்களுக்குக் குடுத்திருக்காங்க. நீங்க இந்த வாசலுக்கு வந்ததே அதுலருந்துதான? நான் அப்பவே சொன்னேன் இவகிட்ட, வம்ப வெல குடுத்து வாங்காதன்னு.

அந்தம்மாவுக்கு என்ன வயசு இருக்கும் இப்ப? எம்பத்து ரெண்டா. நடக்குறாங்களா? ஓகோ.

நீங்க சொல்றது எனக்குப் புரியுது தாயி. அவரு அவய்ங்க கைதிக் கேம்புல செத்துட்டாரு. கர்னல் யூனிஸ்னு எழுதிப் புதைச்சுட்டாய்ங்க. கர்னலு உயிரோட பதவியில இருந்தான், அவன் கல்லறைக்குள்ள இவரு படுத்திருக்காரு. பிள்ளை ஸமீர் கோர்ட்டுக்குப் போனா, ஆளு அவருதான்னு சம்பவ எடத்துலயே ஒரு சாட்சி ஒத்துக்கிட்டான், இந்தா ரிப்போர்ட்டு, ஸ்டீவ்னு பேருன்னு காட்டுறாய்ங்க. அந்த ஸ்டீவு வந்து, நான் ஆமான்னு சொல்லல, சும்மா தலைய ஆட்டினேன், இவரு வெறும் ரொட்டிக்காரருன்னு ஒரு கையெழுத்துப் போட்டா, எலும்பத் தோண்டி எடுத்து வீட்டுக்குக் குடுப்பாய்ங்க. அவரு பேருல ஒரு கல்லு நடலாம். அந்தம்மா சாகுறதுக்குள்ள. அவ்வளவுதான? வேற நஷ்ட ஈடு, கிஷ்ட ஈடு ஒண்ணும் கேக்கல. அதான?

எனக்கு மனசு இல்லைன்னு நெனைக்காதீங்க. சிங்கம்புணரி பஸ் ஸ்டாண்டுல புதுசா ஒரு பேக்கரி போட்டிருக்கான், அந்த வாசனை வந்தா நான் மூக்கப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் போயிருவேன். இருபது வருசமா எங்க வீட்டுல பன்னு, ரொட்டி எதுவும் வாங்குறதில்ல. காச்சல் வந்தாக்கூடக் கஞ்சிதான். கேளுங்க மீனாளை.

ஆனா என் பக்கத்தையும் பாக்கணும். எம்மகன் ராசபாண்டி இருக்கான்ல, எஞ்சினியருக்குப் படிச்சவன், நாலு வருசமா அலையிறான். இப்ப அவனுக்கு வேலை தகைஞ்சிருக்கு. எங்கன்னு கேக்குறீங்களா? அந்த நாட்டுலதான். வந்தவய்ங்க நாட்டுல. அதான் பேரு சொல்லமாட்டேன்னேன். விசா ஃபைலு உள்ள போயி மூணு வாரமாச்சு. ஃபைலுல என்னென்ன வச்சிருக்கான் தெரியுமா? இந்த லெட்டரோட நகலையும் வச்சிருக்கான். எங்கப்பா உங்க பட்டாளத்துக்கு உதவினவரு, ஸ்டீவ்னா எங்கப்பாதான்னு நோட்டரிகிட்டப் போயி கையெழுத்து வாங்கி வச்சிருக்கோம். நான்தான் போட்டேன் கையெழுத்து. போன மாசம்.

இப்ப நான் இங்கிட்டு ஒரு கையெழுத்துப் போட்டு, அந்த ஸ்டீவு சொன்னது பொய்யின்னா, அங்கிட்டு என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்க. நீங்க லா படிச்சவங்க.

அவய்ங்க உலகச் சபையையே கேக்கல. எந்தக் காகிதத்துக்கும் கட்டுப்படல. எனக்கு மட்டும் என்னத்துக்கு ஒரு காகிதம்? பெரியவன் செஞ்சா ராசதந்திரம், சின்னவன் செஞ்சா துரோகமா?

அழுகாத மீனாள். வந்தவங்க முன்னாடி என்னத்துக்கு இப்ப மூக்கச் சிந்துற? கையெழுத்துப் போட்டுக் குடுங்க ராசபாண்டி அப்பாங்கிற. அவன் உனக்கும்தான மகன்? மொத டம்ளர் தண்ணி குடுத்தவங்கதான். யாரு இல்லைன்னா? நான் சொல்லித்தான உனக்கே தெரியும். உள்ள போ.

நீங்க சொல்லுங்க தாயி. ம். ம். பேரு வெளிய வராதா. சரி. ம். கோர்ட்டுக்கு நேர்ல வரவேண்டாம். ம். அவுக வீட்டுலருந்து ஆள் வந்து கையப் புடிச்சுக் கேக்குறதா நெனைக்கணும். ம். ம்.

அய்யய்யோ, பேனாவ நீட்டாதீங்க. மூடியக் கழட்டாதீங்க தாயி. நான் சரின்னு ஆட்டல. நம்ம ஊருப் பொண்ணு, உங்களுக்குத் தெரியாதா? சும்மா கேட்டுக்கிட்டிருக்கேன்னு ஆட்டினேன். இதப் போயி ஒத்துக்கிட்டான்னு எழுதினா எப்படி? ஒருத்தன் தலையாட்டினத வச்சு நீங்களா ஒரு முடிவுக்கு வரலாமா? எம்புட்டுப் பெரிய தப்பு அது.

வேணும்னா வாயத் தொறந்தே சொல்லிப்புடுறேன். பெறகு வெளங்கலேன்னு பேச்சு வரக்கூடாது.

லா, வக்கீலம்மா. லா.